குதிரில் நெல் நின்றால்தான் விலை நம் கையில் நிற்கும்!



கட்டுப்படியாகிற விலை, கடன் தள்ளுபடி, ஏரி மராமத்து, வாய்க்கால் தூர் என்று எத்தனையோ கோரிக்கைகளுக்காக நாம் வீதிக்கு வந்திருக்கிறோம். இந்த முறை ஒரு சின்ன வண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அரிசி மணியில் பாதி நீளம்கூட இல்லாத வண்டு. "போராட்டப் பிரசுரத்தில் வண்டுக்கு என்னய்யா வேலை?" என்று கேட்டுவிடாதீர்கள். நம் விளைச்சலுக்கு விலை பேசுகிற இடத்தில் அந்த வண்டும் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

வண்டும் ஒரு தரகன்தான்

அறுவடை முடிந்து களத்தில் தானியம் குவிந்ததும் என்ன நடக்கிறது? எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க நிற்கிறோம். எல்லோரும் விற்க நின்றால் விலை இறங்கும். இதைத் தெரிந்துகொள்ளப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. நாலு மாதம் கழித்து அதே உளுந்து, அதே சோளம் விலை ஏறுகிறது. ஏறிய விலைக்கு விற்கிறவர் யார்? குடோன் வைத்திருக்கிறவர். ஏறிய விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறவர் யார்? அதை விளைய வைத்த நாம்!

"நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் இல்லை, எல்லா மாதமும் இல்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் தகராறு. பாரம்பரிய நெல் போட்டவர், கம்பு, சோளம், மக்காச்சோளம் போட்டவர் எல்லாம் பெரும்பாலும் வியாபாரியின் தராசைத்தான் நம்பி இருக்கிறார்கள்.

ஏன் நாலு மாதம் வைத்திருந்து விற்கக் கூடாது? முதல் காரணம் கடன் தவணை. அதற்காகத் தனியாகப் போராடிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது காரணத்தை நாம் வெளியில் சொல்வதே இல்லை. வைத்தால் வண்டு விழுந்துவிடும் என்ற பயம்தான் அது. வியாபாரிக்கும் இந்தப் பயம் தெரியும். "இப்பவே போட்டுடுங்க அண்ணே, ரெண்டு மாசம் போனா மாவாத்தான் அள்ளணும்" என்று அவர் சொல்லும்போது நாம் வாய் திறக்க முடிவதில்லை. அந்த இடத்தில் வண்டு அவருக்குத் தரகு வேலை பார்க்கிறது. கமிஷன் இல்லாத தரகன்!

லூதியானாவில் உள்ள மத்திய அரசின் அறுவடைப் பின்செய் பொறியியல் நிறுவனம் 2015-ல் ஒரு கணக்குச் சொன்னது. அறுவடையிலிருந்து சேமிப்பு வரைக்கும் தானியங்களில் மட்டும் 4.65 முதல் 5.99 சதவீதம் வரை வீணாகிறது என்றது. இது வீணாய்ப் போனதன் கணக்கு. வீணாகிவிடுமோ என்று பயந்து அடிமாட்டு விலைக்கு விற்றதில் நாம் இழந்தது இந்தக் கணக்கில் வராது.

ஒரு ஜோடி வண்டு, மூன்று மாதம்

எதிரி யாரென்று தெரிந்துகொள்வோம். நெல்லைக் கெடுப்பதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அந்துப்பூச்சி. வயலில் கதிர் முற்றும்போதே முட்டை வைத்துக் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். மற்றொன்று தானியத் துளைப்பான். கரும்பழுப்பு நிறத்தில் உருளையாக இருக்கும், நெல்லைத் துளைத்து மாவாக்கும். அரிசி, சோளம், மக்காச்சோளத்துக்கு மூக்கு நீண்ட கூன்வண்டு. அரைத்த மாவிலும் நொய்யிலும் சிவப்பு மாவு வண்டு. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறுக்குப் பயறு வண்டு.

ஒரு பெண் கூன்வண்டு தன் ஆயுளில் முந்நூறு முட்டைக்கு மேல் வைக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு முட்டை வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் போதும். ஒரு மனக்கணக்குப் போடுங்கள். முந்நூறில் பத்தில் ஒன்று மட்டும் பிழைக்கிறது, அதில் பாதி பெண் என்று வைப்போம். ஒரு ஜோடியில் ஆரம்பித்தால் முதல் மாதம் 30. இரண்டாவது மாதம் 450. மூன்றாவது மாதம் 6,750! முதல் மாதம் கண்ணுக்கே தெரியாது. மூன்றாவது மாதம் மூட்டையில் கை வைத்தால் சூடு தெரியும். அப்போதுதான் கடைக்கு ஓடுகிறோம்.

இந்தக் கணக்கில் ஒரு பாடம் இருக்கிறது. நம்மைத் தோற்கடிப்பது முதலில் வந்த இரண்டு வண்டு அல்ல, அதன் பெருக்கம். பெருக்கத்தை நிறுத்திவிட்டால் பாதிப் போர் ஜெயித்த மாதிரி.

கடையில் கிடைக்கிற மாத்திரை

கடைக்கு ஓடினால் என்ன கிடைக்கிறது? பல ஊர்களில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற மாத்திரை. அலுமினியம் பாஸ்பைடு. ஈரக்காற்று பட்டால் பாஸ்பீன் என்ற விஷவாயுவைக் கக்கும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் பாஸ்பீன் வரும். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. பெரிய குடோனில் தார்ப்பாய் மூடி, ஓரத்தில் மணல் பை அடுக்கி, பயிற்சி பெற்ற ஆள் முகமூடி போட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. நாமோ படுத்துத் தூங்குகிற அறையில் மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிட்டு, பக்கத்திலேயே பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோம். காற்றுப் போகாத வீட்டில் இது குடும்பத்தையே கொல்லும். மன வேதனையில் இருக்கிறவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இப்படி ஒரு பொருள் இருப்பதும் ஆபத்து. எத்தனை உழவர் குடும்பம் இந்த மாத்திரையால் நாதியற்றுப் போயிருக்கிறது என்பதை நாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்த மருந்தை அரசு, அரசு நிறுவனங்கள், பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் மட்டுமே, அதுவும் நிபுணர் மேற்பார்வையில்தான் பயன்படுத்தலாம். 10 மாத்திரை, 20 மாத்திரை அடைத்த குழாய்களைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று 2001 ஜூலையிலேயே மத்திய அரசு அறிவிக்கை போட்டது. கால் நூற்றாண்டு ஆகப் போகிறது. அறிவிக்கை தில்லியில் இருக்கிறது, மாத்திரை நம்ம ஊர்க் கடையில் இருக்கிறது! அதே போல வீட்டுக்குள்ளும் மூட்டை மேலும் அடித்துப் பழகிய டைக்குளோர்வாஸ் மருந்துக்கு 2020 டிசம்பர் 31-ஓடு முழுத் தடை வந்துவிட்டது. தடை போட்டது சரி. அதற்குப் பதிலாகச் சிறு விவசாயி எதைப் பயன்படுத்துவது? இதை யாராவது ஊருக்குள் வந்து சொன்னார்களா?

இன்னொரு சங்கதி. இந்த வாயுவுக்கும் வண்டுகள் பழகிக்கொண்டு வருகின்றன. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1970-களிலேயே உலகம் முழுக்க ஆய்வு செய்து, பாஸ்பீனைத் தாங்குகிற வண்டுகள் உருவாகிவிட்டதைக் கண்டது. அரைகுறையாகப் புகை போட்டால் சாகாமல் தப்பிய வண்டு அடுத்த தலைமுறையைப் பெறுகிறது. அது அப்பனை மிஞ்சிய பிள்ளையாகப் பிறக்கிறது.

கொல்லாமல் அடக்குகிற வழி

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. பட்டுப்புழு வளர்க்கிற நண்பர்களைக் கேட்டால் பாதி விளங்கிவிடும். பட்டுப்புழு நாலு முறை தோல் உரிக்கும், பிறகு கூடு கட்டும், பிறகு பூச்சியாகும். எப்போது தோல் உரிப்பது, எப்போது கூடு கட்டுவது என்பதை அதன் உடம்பில் சுரக்கும் இரண்டு சுரப்புகள் முடிவு செய்கின்றன. ஒன்று 'இன்னும் புழுவாகவே இரு' என்று சொல்லும் இளமைச் சுரப்பு. மற்றொன்று 'தோலை உரி' என்று சொல்லும் சுரப்பு. கூடு கட்டுகிற நேரத்தில் எல்லாப் புழுவும் ஒன்றாகப் பழுக்க வேண்டும் என்று இலையில் 'சம்பூர்ணா' தெளிக்கிறார்களே, அது இந்தத் தோலுரிப்புச் சுரப்பைப் போன்ற பொருள்தான்.

வண்டுக்கும் அந்துக்கும் இதே கதைதான். புழு வண்டாக மாறுகிற நேரத்தில் இளமைச் சுரப்பு குறைய வேண்டும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து அதே மாதிரிப் பொருளைக் கொடுத்தால் புழு குழம்பிப் போகும். வண்டாக முடியாமல், புழுவாகவும் இருக்க முடியாமல் செத்துப் போகும். முட்டை வைக்க அடுத்த தலைமுறை இருக்காது. வேறொரு வகை மருந்து, புழு புதுத் தோல் கட்டவிடாமல் தடுக்கும். நெல் வயலில் புகையானுக்கு அடிக்கிற புப்ரோபெசின் இந்த இரண்டாவது வகை. இவற்றை விஞ்ஞானிகள் 'பூச்சி வளர்ச்சி ஒழுங்குபடுத்திகள்' என்கிறார்கள். நாம் 'வளர்ச்சித் தடுப்பு மருந்து' என்று சொல்லிக்கொள்வோம்.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதை நாம் அவசியம் கேட்க வேண்டியது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கரோல் வில்லியம்ஸ் என்ற விஞ்ஞானி 1956-ல் ஒரு பட்டுப்பூச்சி இனத்திலிருந்து இளமைச் சுரப்பைப் பிரித்தெடுத்தார். பூச்சியை அதன் சுரப்பாலேயே அடக்கலாமே என்ற யோசனை அங்கே பிறந்தது. 1960-களின் நடுவில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து கரேல் ஸ்லாமா என்பவர், தான் வளர்த்த பூச்சிகளோடு அங்கே போனார். சொந்த ஊரில் நன்றாக வளர்ந்த பூச்சிகள் அமெரிக்காவில் மட்டும் கடைசிவரை வளர்ந்த பூச்சியாகவே மாறவில்லை. தேடிப் பார்த்தால், பூச்சிக் கிண்ணத்தில் போட்ட காகிதம்தான் காரணம்! அந்த ஊர் ஃபிர் மரக்கூழில் செய்த காகிதம். தன்னைப் பூச்சியிடமிருந்து காத்துக்கொள்ள அந்த மரமே இளமைச் சுரப்பு மாதிரியான பொருளைச் செய்து வைத்திருந்தது.

இதன் பிறகுதான் ஆய்வுக்கூடத்தில் இப்படிப்பட்ட மருந்துகள் வேகமாக வந்தன. அவற்றில் முக்கியமானது மெத்தோபிரீன். அமெரிக்க அரசு 1975-ல் இதைப் பதிவு செய்தது. முதலில் கொசுப்புழுவுக்கு வந்தது, பிறகு சேமிப்புத் தானியத்துக்கும் வந்தது. இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தானியத்தைக் கிடங்கில் ஏற்றும்போதே இதைத் தெளிக்கிறார்கள். மனிதனுக்கும் கால்நடைக்கும் இதன் நச்சு மிக மிகக் குறைவு. காரணம் எளிது. நாம் தோல் உரித்துக் கூடு கட்டுகிறவர்கள் இல்லையே!

மாயமந்திரம் அல்ல

எதையும் ஒரு பக்கமாகச் சொல்லி ஏமாற்றுவது வியாபாரியின் வேலை. சங்கத்தின் வேலை இரண்டு பக்கமும் சொல்வது.

வளர்ச்சித் தடுப்பு மருந்து ஏற்கெனவே இருக்கிற வண்டைக் கொல்லாது. வண்டு விழுந்த மூட்டையில் போட்டுவிட்டு மறுநாள் திறந்து பார்த்து "ஒண்ணும் சாகலையே" என்றால் மருந்தின் மேல் தப்பில்லை. புதுத் தானியம் உள்ளே போகிற அன்றே போட வேண்டிய மருந்து இது. அடுத்து, எல்லாப் பூச்சிக்கும் இது ஒரே மாதிரி வேலை செய்யாது. தானியத் துளைப்பான் மணிக்கு வெளியே முட்டை வைக்கும். பொரித்த புழு ஊர்ந்து போய்த்தான் மணிக்குள் நுழையும், அப்போது மருந்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் துளைப்பானுக்கும், வெளியிலேயே திரியும் மாவு வண்டுப் புழுவுக்கும் மெத்தோபிரீன் நன்றாகக் கேட்கிறது. கூன்வண்டோ மணியைக் குடைந்து உள்ளேயே முட்டை வைத்து மூடிவிடும். அதன் புழுவை மருந்து எட்டுவது கஷ்டம். பயறு வண்டின் முட்டை பயறின் மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருக்கும். புழு அதன் அடியிலிருந்தே நேராகப் பயறுக்குள் போய்விடும்.

ஒரே மருந்தை வருடக்கணக்காகப் போட்டால் இதற்கும் வண்டு பழகும். ஆஸ்திரேலியாவில் மெத்தோபிரீனைத் தாங்குகிற துளைப்பான் ஏற்கெனவே தோன்றிவிட்டது.

இன்னொரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறோம். "அதுவும் வளர்ச்சித் தடுப்பு மருந்துதானே" என்று வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கொண்டுவந்து நெல்லிலோ பயறிலோ கலக்காதீர்கள்! பயிருக்கு அனுமதிக்கப்பட்டது வேறு, நேராக வாய்க்குப் போகிற தானியத்துக்கு அனுமதிக்கப்பட்டது வேறு. பட்டுப்புழு வளர்க்கிற வீட்டருகே இந்த வகை மருந்து எதையும் கொண்டு போகவே கூடாது.

நம்ம கொல்லையில் நிற்கிற மருந்து

அமெரிக்காக்காரனுக்கு ஃபிர் மரம் என்றால் நமக்கு வேம்பு. வேப்பங்கொட்டையில் இருக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியின் தோலுரிப்புச் சுரப்பைக் குழப்புகிறது. புழு தோல் உரிக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறது. தப்பிய பூச்சியும் சரியாக முட்டை வைப்பதில்லை, கசப்புக்குத் தீனியும் எடுப்பதில்லை. அதாவது, நம் பாட்டி குதிரில் போட்டதும் ஒரு வளர்ச்சித் தடுப்பு மருந்துதான். பாட்டிக்குப் பெயர் தெரியாது, பலன் தெரியும்.

தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதான், ஜோத்வானி ஆகியோர் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தொடுவதில்லை என்று 1962-லேயே எழுதினார்கள். 1968-ல் இங்கிலாந்தில் அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு வந்தது வழிப்பறி. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்ப் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்கக் கம்பெனியான டபிள்யூ.ஆர். கிரேஸும் அமெரிக்க வேளாண் துறையும் 1994-ல் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கின. வந்தனா சிவாவும் மற்றவர்களும் எதிர்த்து வழக்காடினார்கள். "இது இந்திய விவசாயிக்கு முன்பே தெரிந்த விஷயம்" என்று நிரூபித்தார்கள். 2000-ல் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. வேம்பு நம்முடையது என்று ஐரோப்பாவிலே போராடி ஜெயித்தோம். ஆனால் நம்ம ஊரில் வேப்பங்கொட்டை ரோட்டோரத்தில் மிதிபட்டு வீணாகிறது, அல்லது அற்ப விலைக்கு லாரி ஏறிப் போகிறது. போய், குப்பியில் அடைபட்டு, பல மடங்கு விலையில் நம்மிடமே திரும்பி வருகிறது!

இன்றே நாம் செய்யக் கூடியவை

அரசு செய்யும் வரை கைகட்டி உட்கார வேண்டாம். வீட்டிலேயே செய்ய முடிந்தவை இவை.

1. காய்ச்சல்தான் முதல் மருந்து. நீண்ட நாள் வைக்கிற நெல்லில் ஈரம் 12, 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். சூடு ஆறிய பிறகே மூட்டை கட்டுங்கள்.

2. பழைய சாக்கில்தான் பழைய வண்டு இருக்கிறது. சாக்கை வெந்நீரில் முக்கி, உதறி, நல்ல வெயிலில் காய வையுங்கள். குதிரையும் பத்தாயத்தையும் காலி செய்து, இடுக்கில் கிடக்கும் பழைய மணியைச் சுரண்டி எடுத்து எரித்துவிடுங்கள். புது நெல்லைப் பழைய நெல்லோடு கலக்காதீர்கள்.

3. ஆனி, ஆடியில் உதிர்கிற வேப்பம்பழத்தைப் பொறுக்கி, சதை நீக்கி, கொட்டையை நிழலில் காய வையுங்கள். பூஞ்சாணம் பிடித்ததை ஒதுக்குங்கள். ஓடு நீக்கிய பருப்பை இடித்து, விதைத் தானியம் நூறு கிலோவுக்கு ஒன்றிலிருந்து மூன்று கிலோ வரை கலந்து வைக்கலாம். நிழலிலும் இருட்டிலும் இதன் வீரியம் நிற்கும், வெயிலில் போய்விடும்.

4. வேப்பிலை, நொச்சி இலை போடுகிறவர்கள் நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவந்து பூஞ்சாணத்துக்கு விருந்து வைக்கும்.

5. பயறு வகைக்கு எண்ணெய் தடவுவது நல்ல முறை. விதைப் பயறு நூறு கிலோவுக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை போதும். பயறின் மேல் ஒட்டிய முட்டை மூச்சு முட்டிச் சாகும். துவரையில் செம்மண் கட்டுவதும், உடைத்துப் பருப்பாக வைப்பதும் இதே எதிரிக்கு எதிரான நம் பழைய ஆயுதங்கள். முழுப் பயறில்தான் பயறு வண்டு பெருகும்.

6. பதினைந்து நாளைக்கு ஒரு முறை மூட்டையைப் பாருங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் துளையுள்ள குழாய்ப் பொறி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. தானியத்துக்குள் செருகி வைத்தால் திரிகிற வண்டு துளை வழியாக விழுந்து அடியில் சேரும். முதல் ஜோடி வண்டை அங்கேயே பிடித்துவிட்டால் 6,750 என்ற கணக்கே வராது.

அரசைக் கேட்கிறோம்

1965 ஜனவரி 14-ல் இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் தொடங்கியது. நம் நெல்லைக் காக்கும் வேலை நம் மண்ணில்தான் ஆரம்பித்தது. அரசு வாங்கிய நெல்லுக்குக் கிடங்கு இருக்கிறது, மருந்து இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார். நம் வீட்டில் இருக்கிற நெல்லும் இந்த நாட்டின் நெல்தானே? அதற்கு என்ன இருக்கிறது? கூட்டுறவுத் துறையில் உலகிலேயே பெரிய தானியச் சேமிப்புத் திட்டம் என்று 2023 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 7 கோடி டன்னுக்கு இடம் என்றார்கள். அதில் நம் ஊர்ச் சங்கத்துக்கு எத்தனை மூட்டைக்கு இடம்? அதைச் சொல்லுங்கள்!

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தானியத்தை வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம், 180 நாள் வரை வைக்கலாம். நல்ல திட்டம். ஆனால் பத்து மூட்டைக்காரர் இருபது கிலோமீட்டர் வண்டி வாடகை கொடுத்து அங்கே போக முடியுமா? போனால் பெரிய வியாபாரியின் சரக்குக்கு நடுவே நமக்கு மூலை கிடைக்குமா?

நாம் இலவசம் கேட்கவில்லை. விளைந்ததைக் காக்க வழி கேட்கிறோம். நமது கோரிக்கைகள்:

• அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சில்லறையில் விற்பதை 2001 அறிவிக்கைப்படி உடனே தடுத்து நிறுத்து! அதற்குப் பதிலாக, ஒவ்வொரு தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கத்திலும் பயிற்சி பெற்ற ஆளைக் கொண்டு, தனி இடத்தில், குறைந்த கட்டணத்தில் விவசாயிகளின் மூட்டைக்குப் புகை போட்டுக் கொடு!

• மெத்தோபிரீன் போன்ற வளர்ச்சித் தடுப்பு மருந்துகளை நம் நெல், சோளம், பயறு வகைகளில், நம் தட்பவெப்பத்தில், வேளாண்மைப் பல்கலைக்கழகம் சோதித்து முடிவை வெளியிடட்டும்! பாதுகாப்பானது என்று உறுதியானால், பத்து மூட்டைக்காரர் வாங்குகிற அளவில் சின்னப் பொட்டலமாக, தமிழில் அளவும் எச்சரிக்கையும் அச்சிட்டு, கூட்டுறவுக் கடை வழியாகக் கொடு!

• வேப்பங்கொட்டையை நியாய விலைக்குக் கூட்டுறவுச் சங்கமே வாங்கட்டும்! பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் மூலம் பருப்புத் தூளாக்கி, தரம் பார்த்து, அந்தந்த ஊரிலேயே விற்கட்டும்!

• ஊருக்கு ஒரு உலர்களமும், சங்கத்துக்கு ஒரு ஈரப்பதம் பார்க்கும் கருவியும் கொடு! அந்தக் கருவியில் விவசாயி இலவசமாகச் சோதித்துக்கொள்ள உரிமை வேண்டும்.

• பொருளீட்டுக் கடனை ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கிடங்கிலேயே, ஐந்து மூட்டைக்கும் கொடு!

• குழாய்ப் பொறியையும் காற்றுப் புகாத சேமிப்புப் பைகளையும் மானியத்தில் கொடு! காற்றுப் புகாமல் கட்டினால் உள்ளே இருக்கும் வண்டு மூச்சடைத்துச் சாகும். அங்கே எந்த மருந்தும் வேண்டாம்.

தோழர்களே!

விதைக்கிறவன் நாம், அறுக்கிறவன் நாம். ஆனால் என்றைக்கு விற்பது என்று முடிவு செய்கிறவன் வேறு யாரோ. இதை மாற்ற நம் தானியம் நாலு மாதம் கெடாமல் நிற்க வேண்டும். தானியம் நின்றால் நாமும் தராசுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கலாம். "இந்த விலைக்குக் கட்டாது, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வரலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிற தைரியம்தான் சிறு விவசாயிக்கு இன்று இல்லாத சொத்து.

மாவட்ட ஆட்சியர் நடத்தும் அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்கு ஊர் மனு எழுதி எடுத்து வாருங்கள். மனுவோடு வண்டு அரித்த நெல்லையும் பயறையும் ஒரு கைப்பிடி முடிந்து கொண்டு வாருங்கள். மேசை மேல் கொட்டிக் காட்டுவோம். பதில் வராவிட்டால் கூட்டுறவுச் சங்க வாசல்களில் உட்காருவோம். தாய்மார்கள் முன்வரிசையில் நிற்க வேண்டும். விதையைக் காப்பவர்கள் அவர்கள், இந்தப் போராட்டமும் அவர்களுடையதுதான்.

மாத்திரை விஷத்தை ஊரிலிருந்து விரட்டுவோம்!

வண்டின் பெருக்கத்தைக் குதிரிலேயே நிறுத்துவோம்!

விளைந்ததைக் காப்போம்! விலையை மீட்போம்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!